வெட்டுவது அண்ணன், எடுப்பது தங்கை

துணி ஆலையின் வாசலில் பை சோதிக்கிற வேலை பார்த்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எக்ஸ்ரே என்றால்தான் தெரியும். ஷிப்டு முடிந்து வருகிற கூட்டம் அவர் மேசைக்கு முன்னால் வரிசையாக நிற்கும். சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக் கையில் ஒரு தூக்குத் தூக்குவார். திறக்க மாட்டார். "பித்தான் பொட்டலமா, நூல்கண்டா? நீயே எடுத்து வச்சிட்டுக் கிளம்பு" என்பார். எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். கறை படியாத கை. முதலாளியின் மகன் ஒருநாள் பெட்டியோடு வெளியே வந்தபோதும் அதே முகத்தோடு, "பெட்டியைக் கொஞ்சம் மேசையில வைங்க தம்பி" என்று சொன்னவர்.

வாசலில் பழகிய கண் வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காய்கறிக்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால் இவர் தராசைப் பார்ப்பார். சிரிக்காமல் போட்டால் காய்கறிக்காரரையே பார்ப்பார். ஒரு காலத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. நல்ல குடும்பம், படித்த பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. "இவ்வளவு நல்லவங்க எதுக்கு எனக்குப் பொண்ணு குடுக்கணும்?" என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் குடியிருந்தது ஒரு லேத்துப் பட்டறையின் மாடியில், ஒற்றை அறை. கீழே இரும்பு கடைந்தால் மேலே தம்ளர் நகரும். மேசையில் வைத்த மூக்குக்கண்ணாடி மெல்ல நடந்துபோய் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். பட்டறைக்கு விடுமுறையே கிடையாது. இத்தனை வருடமாக எக்ஸ்ரே தூங்கினது எல்லாம் அரைத் தூக்கம், கால் தூக்கம். கண்ணுக்குக் கீழே கறுப்புப் பை விழுந்திருந்தது. "ஊர்ப் பையெல்லாம் சோதிச்சு சோதிச்சு ரெண்டு பையைத் தன் மூஞ்சியிலயே மாட்டிக்கிட்டாரு" என்று ஆலையில் பேசிக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் தாய்மாமன் வழியில் காடு வந்தது. மாமா லாரியில் மரம் ஏற்றி ஓட்டியவர். தனிக்கட்டை. கடைசிக் காலத்தில் சாலையோரத்தில் கொஞ்சம் மரக்காடு வாங்கி, அதற்குள் பலகையால் சிறிய வீடு ஒன்று கட்டிக்கொண்டு இருந்தார். போகும்போது, "அக்கா பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் சரிபாதி" என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா பிள்ளைகள் என்றால் எக்ஸ்ரேவும் அவருடைய தங்கையும்.

சாவியை வாங்கிக்கொண்டு எக்ஸ்ரே தனியாகத்தான் முதலில் போய்ப் பார்த்தார். ஒரே அறை. ஓர் அடுப்படி. ஜன்னலோரம் மாமாவின் சாய்வு நாற்காலி. காலில் இருந்த ஷூவைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றைக் கழற்றியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண்ணைத் திறந்தபோது சூரியன் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வந்திருந்தது. அவருக்குப் பகீரென்றது. யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பாக்கெட்டைத் தடவினார். எதுவும் போகவில்லை, எதுவும் நடக்கவில்லை. தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான். உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. வெளியே இலை உரசுகிற சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அன்றைக்கே மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். காடு எக்கேடு கெட்டுப் போகட்டும். இந்த வீடு தனக்கு வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு இங்கேதான் மிச்சக் காலம்.

வாயைத் திறந்து கேட்டிருந்தால் அந்த நிமிடமே விஷயம் முடிந்திருக்கும். கேட்டால் அவர் எக்ஸ்ரே இல்லை. ஒரு பொருள் வேண்டும் என்று காட்டிக்கொண்டால் எதிராளிக்குப் பிடி கிடைத்துவிடும் என்பது அவர் கட்சி. அதிலும் எதிராளி தங்கை என்றால் கேட்கவே வேண்டாம், அதே வயிற்றில் பிறந்தவள். தையல்கடை வைத்திருந்தாள். அளவு கொடுக்க வருகிறவள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், நாடாவைக் கையில் பிடித்தபடியே ஊர்க்கதை பேசி, அவள் அசந்து மூச்சு விடுகிற நொடியில் சட்டென்று அளந்துவிடுவாள்.

தங்கையின் வீட்டுக்காரர் மட்டும் வேறு ஜாதி மனிதர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவர். சாலையில் போகிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டுவிட்டு, வண்டியை விட்டு இறங்கியதும் உலகத்தில் எல்லோரையும் நம்பிவிடுவார்.

நிலத்தைப் பிரிக்க அளவைக்காரரைக் கூப்பிடலாம் என்று சொன்னது அவர்தான். அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி மறுத்தார்கள்.

"அளக்க வர்றவன் யார் பக்கம் சாய்வான்னு யாருக்குத் தெரியும்?" என்றார் எக்ஸ்ரே.

"அதேதான். அண்ணன் முன்னாடியே போய் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டா?" என்றாள் தங்கை.

"நானா வாங்கிக் குடுக்குறது?"

"அதுவும் சரிதான். நீ டீ வாங்கிக் குடுத்து யாரு பாத்தா."

கடைசியில் தங்கைதான் வழி கண்டுபிடித்தாள். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் குளியல் சோப்பை நூல் வைத்து இரண்டாக அறுப்பார்கள். அறுக்கிறவர் ஒருவர், முதலில் எடுக்கிறவர் இன்னொருவர். அறுக்கிறவர் ஏமாற்ற முடியாது, எடுக்கிறவர் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் சோப்பில் ஆரம்பித்து ரிப்பன், போர்வை, ஜன்னலோரப் படுக்கை வரை இதே சட்டம்தான் ஓடியது.

"சாலையில இருந்து ஓடை வரைக்கும் ஒரு நடைபாதை எப்படியும் வேணும். புதர் மண்டி ஆள் போக முடியல. பாதையை நீ வெட்டு. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் ஒரு பங்கு. பாதை ரெண்டு பேருக்கும் பொது. எந்தப் பக்கம் வேணும்னு நான் எடுத்துக்குறேன்."

எக்ஸ்ரே தலையாட்டிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் யோசனை ஓடியது. உடம்பு நோகிற வேலையைத் தலையில் கட்டிவிட்டு எடுக்கிற வேலையை அவள் ஏன் வைத்துக்கொண்டாள்? தான் தலையாட்டியதும் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததே, அது எதற்கு?

ஆலையில் சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே காட்டுக்கு வந்து இறங்கினார். வெட்டுக்கத்தி, கைரம்பம், மண்வெட்டி, கடப்பாரை, முள் ஏறாத கையுறை. தங்கை தன் கடையிலிருந்து சிவப்புத் துணி வெட்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தாள், மரத்தில் அடையாளம் கட்ட. பையை வாங்கும்போது கை தானாக ஒருமுறை தூக்கிப் பார்த்தது. துணி எடைதான்.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. முதலில் துணி கட்ட வேண்டும். கண் மட்டத்துக்கு ஒரு மரத்தில் ஒரு துண்டு, அங்கே நின்று பார்த்தால் அடுத்த துண்டு தெரிய வேண்டும். அப்புறம்தான் கத்தி. புதரை அடியோடு வெட்டி, வெட்டிய முள்ளை அடிப்பக்கம் பிடித்து இழுத்துத் தூரத்தில் போட வேண்டும். நுனியைப் பிடித்து இழுத்தால் கொப்பு எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டு வராது. கன்றுமரத்தை மண்ணோடு மண்ணாக மட்டமாக அறுக்க வேண்டும். சாய்வாக வெட்டி விட்டால் கூர் நிற்கும், ஒருநாள் யாருடைய காலையாவது பதம் பார்த்துவிடும். குறுக்கே ஓடுகிற வேரைக் கொத்தி எடுக்க வேண்டும். ஆடுகிற கல்லைப் பெயர்க்க வேண்டும். மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடி அரிக்காமல் இருக்க ஒரு பக்கம் லேசாகச் சரித்துவிட வேண்டும். இரண்டாம் நாளே உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. ஆனால் வேலை அவருக்குப் பிடித்துப்போனது. புதர் பொய் சொல்வதில்லை. முள் இருந்தால் குத்துகிறது.

பிரச்சினை கத்தியில் இல்லை, கணக்கில் இருந்தது. சாலையிலிருந்து ஓடையைப் பார்த்து நின்றால் மரவீடு ஏறக்குறைய நடுவில் இருந்தது. பாதை வீட்டுக்கு வலப்பக்கமாகப் போனால் வீடு இடது பங்கில் விழும். அங்கிருந்து ஓடை வரை நேராக வெட்டினால் இடது பங்கில் வீடும் பாதிக் காடும், வலது பங்கில் வெறும் பாதிக் காடு. கண்ணை மூடிக்கொண்டு தங்கை வீட்டுப் பக்கத்தை எடுத்துவிடுவாள். ஆகவே வலது பங்கைக் கொழுக்க வைக்க வேண்டும். பார்த்தவுடன் நாக்கில் எச்சில் ஊற வேண்டும். வீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அவள் வலது பங்குக்குப் பாய வேண்டும். அதற்குப் பாதை இடதுபக்கம் வளைய வேண்டும். எவ்வளவு வளைய வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒவ்வொரு வார விடுமுறைக்கும் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். முதல் வாரம் மாப்பிள்ளை, மரமில்லாத ஒரு சமதளத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"அடடா மச்சான்! இந்த இடத்துல வண்டி திருப்பச் சொல்லிக் குடுக்கலாம். நாலு கம்பம் நட்டா போதும்."

"ஆமா மாப்ளே, நல்ல இடம்" என்று எக்ஸ்ரே பட்டும் படாமல் சொன்னார். அவர்கள் வண்டி கிளம்பிய சத்தம் ஓயவில்லை, சிவப்புத் துணிகளை அவிழ்த்து இடப்பக்கம் தள்ளிக் கட்டினார். சமதளம் வலது பங்குக்குப் போனது.

அடுத்த வாரம் தங்கை நாலைந்து பெரிய மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அடிமரத்தைத் தட்டிப் பார்த்தாள். துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பாளே, அந்தக் கை. எக்ஸ்ரே கவனித்துக்கொண்டார். பாதை இன்னும் இடப்பக்கம் வளைந்தது. அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை ஒரு பாறை மேல் ஏறி நின்று, "இங்க இருந்து ஓடை தெரியுது மச்சான்!" என்று கத்தினார். பாறையும் போனது. பாறைக்குக் கீழே கசிகிற ஊற்றும் சேர்ந்தே போனது.

விழுந்து கிடந்த பெருமரம் ஒன்றை அறுக்க மோட்டார் ரம்பக்காரர் ஒருவர் வந்தார். வேலையை முடித்துவிட்டு, பாதையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? முன்னால பாம்பு ஏதாவது போச்சா, அது பின்னாடியே வெட்டிட்டுப் போயிட்டீங்களா?"

"எதுக்குக் கேக்குற? யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

"தையல்கடையில ஏதாவது தைக்கக் குடுத்திருக்கியா?"

ரம்பக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "நான் ரெடிமேட்தாண்ணே போடுவேன்" என்றார். எக்ஸ்ரேவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை.

இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்ய வேண்டியிருந்தது, வீட்டை மட்டம் தட்டுவது. வாரம் முழுக்க அந்த வீட்டில்தான் தங்கினார், குழந்தை மாதிரி தூங்கினார். கண்ணுக்குக் கீழே இருந்த பைகள் வற்றத் தொடங்கின. ஆனால் தங்கை வருகிற நாளில் படுக்கையைச் சுருட்டிப் பரணில் செருகிவிடுவார். "இந்த வீட்டுல மனுஷன் இருப்பானா? பூச்சித்தொல்லை, பலகை இடுக்குல காத்து, ராவெல்லாம் கிறீச் கிறீச்சுன்னு சத்தம்" என்று அடுக்குவார். ஒரு வாரம் இன்னும் ஒரு படி மேலே போய், அறைக்கு நடுவில் வாளியை வைத்து அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார். கூரை ஒழுகுகிறதாம்.

தங்கை வாளியைப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். மறுபடியும் வாளியைப் பார்த்தாள்.

"மழை எப்பண்ணா பெஞ்சுச்சு?"

"இங்க பெஞ்சுது. காட்டுல அப்பப்ப தூறும்."

"ம்" என்றாள். வாளியைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவள் பேசியிருந்தால்கூட எக்ஸ்ரேவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த "ம்" அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை வேறு, சுவர்ப் பலகையை விரலால் டொக் டொக்கென்று தட்டிவிட்டு, "மாமா நல்லா கட்டியிருக்காரு மச்சான், ஆடலயே" என்றார். எக்ஸ்ரே அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். கள்ளமில்லாத முகம் மாதிரித்தான் இருந்தது. பெண்டாட்டி சொல்லித்தான் தட்டுகிறாரோ?

அவர்கள் போன மறுநாள் காலை, கத்தியோடு கிளம்பியவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். தான் கட்டியிருந்த துணி அந்த மரத்தில் இல்லை. வலப்பக்கம் இரண்டு மரம் தள்ளி வேறு மரத்தில் இருந்தது. கிட்டப் போய் முடிச்சைப் பார்த்தார். அவர் போடுவது மூட்டை கட்டுகிற முடிச்சு. இது நூலின் நுனியில் போடுகிற மாதிரி சின்னதாக, இறுக்கமாக இருந்தது.

முடிச்சைப் பிடித்தபடியே கணக்குப் போட்டார். துணி வலப்பக்கம் நகர்ந்தால் பாதை வலப்பக்கம் நகரும். வலது பங்கு குறையும், வீட்டுப் பங்கு பெருகும். வீட்டுப் பங்கு பெருக வேண்டும் என்று தங்கை நினைக்கிறாள் என்றால் அவள் எடுக்கப் போவது வீட்டுப் பங்கு! குட்டு வெளிப்பட்டுவிட்டது. வாளியைப் பார்த்தபோதே கண்டுபிடித்துவிட்டாள். போய்க் கேட்கலாமா? கேட்டால், 'ஓ, உனக்கு அது முக்கியமா' என்று பிடித்துக்கொள்வாள்.

அன்றைக்கு அவர் வெட்டிய வெட்டு வேறு மாதிரி இருந்தது. தள்ளிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்தார். பழைய கோட்டுக்கும் இடப்பக்கம், அதற்கும் இடப்பக்கம் என்று போய்க் கட்டினார். அவள் கை வைத்த மரங்களின் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டை எல்லாம் வழித்து வலது பங்கில் கொட்டினார். பாதை ஓடையைத் தொட்டபோது, இடது பங்கு என்பது வீடும், வீட்டுக்குப் பின்னால் இடுப்பு பெல்ட் மாதிரி ஓடுகிற ஒரு கீற்று நிலமும் மட்டும்தான். இதை வேண்டாம் என்று சொல்ல ஞானம் தேவையில்லை. பசி இருந்தால் போதும்.

எடுக்கிற நாள் வந்தது. மூன்று பேரும் சாலையிலிருந்து நடந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டிச் சைகை காட்டிக்கொண்டு வந்தார்.

"மச்சான், இந்தப் பாதையில ஒருத்தன் வண்டி ஓட்டிக் காட்டினா டெஸ்டே வேணாம். அப்படியே லைசென்ஸ் குடுத்துடலாம்."

"பாறை, வேர் எல்லாம் பாத்துத்தானே போகணும் மாப்ளே."

"வேர் எங்க இருக்கு? சமதளத்துலகூட மூணு வளைவு இருக்கே!"

தங்கை பின்னால் வந்தாள். சமதளத்தைப் பார்த்தாள், பெரிய மரங்களைப் பார்த்தாள், ஊற்றில் குனிந்து கையை நனைத்துக்கொண்டாள். எல்லாம் வலப்பக்கம். எக்ஸ்ரே ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் படித்தபடியே வந்தார். ஆசை தெரிகிறதா? தெரிகிற மாதிரியும் இருந்தது, அளவெடுக்கிற மாதிரியும் இருந்தது.

ஓடைக்கு வந்து சேர்ந்ததும் அவள் உட்காரவில்லை. திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். எக்ஸ்ரே எப்போதும் ஓடையைப் பார்த்தே துணி கட்டியவர், ஓடையைப் பார்த்தே வெட்டியவர். திரும்பி வரும்போது கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தபடி வந்துவிடுவார். இப்போது தங்கையின் தோளுக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. வளைவுக்கு வளைவு பாதை எதையோ கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு வருகிறது. கிளைகளுக்கு நடுவே ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே எழுந்து நின்றது மரவீட்டின் கூரை.

கடைசி வளைவில் தங்கை நின்றாள்.

"எனக்கு வீட்டுப் பக்கம்" என்றாள்.

எக்ஸ்ரேவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவிக் கீழே விழுந்தது. மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தார்.

"பாப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்தப் பக்கம் காடு மொத்தமும் இருக்கு."

"அதான் யோசிச்சேன். ஊற்றைக் குடுத்துட்ட. தேக்கு மாதிரி நிக்கிற மரத்தையெல்லாம் குடுத்துட்ட. இவரு நின்ன இடத்தையெல்லாம் பாத்துப் பாத்துக் குடுத்திருக்க. சோப்புல எழுத்து இருக்கிற பக்கம் கொஞ்சம் கனமா இருக்கும்னு அறுக்குறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் உருட்டிப் பாக்குறவன் நீ. நீ இவ்வளவு குடுக்குறன்னா, குடுக்காம வச்சிருக்கிறதுல என்னவோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல. ஒழுகுற வீடு."

"வாளித் தண்ணில காட்டுக் குப்பை ஒண்ணுகூட இல்ல. கூரையில ஒழுகின தண்ணியே இல்ல. ஊத்தினது நீ."

எக்ஸ்ரேவுக்குக் கோபம் வந்தது. "அப்ப நீ மட்டும் என்னவாம்? திருடன் மாதிரி ஒளிஞ்சு வந்து துணியை மாத்திக் கட்டினது யாரு? வீட்டுப் பங்கு பெருகணும்னுதானே?"

"நீ கட்டியிருந்த மரத்துல, மேல இலைக்குள்ள குளவிக்கூடு இருந்துச்சுண்ணா. இம்மாம் பெரிசு. சின்ன வயசுல ஒரு குளவி கொட்டினதுக்கே உனக்கு மூஞ்சி பூசணிக்காயா வீங்கிச்சு. அதுக்குத்தான் தள்ளிக் கட்டினேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி? அந்தப் பக்கம் எதுக்கு என்னைப் போக வேணாங்கறான்னு அதே மரத்துல ஏறிப் பாத்திருப்ப."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

எக்ஸ்ரே வீட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாக நாற்காலியின் தலைமாடு தெரிந்தது. இந்த நிமிடம் வாயை மூடிக்கொண்டால் கையில் மொத்தக் காடு இருக்கும், தூக்கம் பட்டறைக்கு மேலேதான். வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, தன் பையைத் தானே கவிழ்த்தார்.

"எனக்கு அங்க தூக்கம் வருது பாப்பா."

"என்ன வருது?"

"தூக்கம். அந்த நாற்காலியில உக்காந்தா கண்ணு சொக்குது. பட்டறைக்கு மேல நான் தூங்கி எத்தனையோ காலம் ஆச்சு. வேற ஒண்ணும் வேணாம். அந்த வீடு மட்டும் குடு."

தங்கை அவரையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. "தூக்கத்துக்கா இவ்வளவு காட்டையும் எழுதிக் குடுக்குற?" என்றாள். நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

"சரி, தூங்கிக் காட்டு."

"இப்பவா? பட்டப்பகல்ல?"

"ஆமா. சொன்னது நெசம்னா தூங்கு. நான் பக்கத்துலயே இருக்கேன்."

நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தங்கை எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து ஓரம் மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். எக்ஸ்ரே கண்ணை மூடினார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படித் தூங்குவது? இவள் தைக்கிறாளா, தைக்கிற மாதிரி நடிக்கிறாளா? மாப்பிள்ளை ஏன் வெளியே போனார்? ஊசி துணிக்குள் போய்வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். கேட்டது. இலை உரசியது. ஊசி மறுபடி போய்வந்தது. அதற்குப் பிறகு கேட்டது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

விழித்தபோது வெயில் தணிந்திருந்தது. வாயோரம் ஈரமாக இருந்தது, துடைத்துக்கொண்டார். தங்கை வாசல்படியில் நின்று மாப்பிள்ளையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இவர் அசைந்ததும் பேச்சு நின்றது.

"என்ன குறட்டைண்ணா அது! சின்ன வயசுல பொய்க்குறட்டை விட்டு அம்மாவை ஏமாத்துவியே, அது இப்படி இருக்காது. இது அசல்." உள்ளே வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா? கூடப் பொறந்தவகிட்டயா வாளி வைக்கிறது? வீட்டை நீயே வச்சுக்க. காட்டுப்பக்கம் எனக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். கிளம்புறோம். பொழுது சாயுறதுக்குள்ள கடையைத் திறக்கணும்."

எக்ஸ்ரே நாற்காலியை விட்டு எழுந்தார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அவர்களை வண்டி வரை கொண்டுபோய் விட்டார். மாப்பிள்ளை உள்ளே ஏறி உட்காரும்போது, அவருடைய கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருப்பதை எக்ஸ்ரே பார்த்தார். தங்கையின் செருப்பிலும் ஈர மண்.

"ஓடைக்குப் போயிருந்தீங்களா மாப்ளே?"

"சும்மா கால் நனைச்சிட்டு வந்தோம் மச்சான். சூப்பர் இடம்."

தங்கை ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள். வண்டி போய்விட்டது.

எக்ஸ்ரே வீட்டுக்கு வந்தார். தன் வீடு. பரணிலிருந்து படுக்கையை எடுத்து வெளிப்படையாக விரித்தார். வாளித் தண்ணீரை வாசலில் கொட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வீட்டை எடுப்பேன் என்று அவ்வளவு பிடிவாதமாக நின்றவள், ஒரு குறட்டைக்கா விட்டுக்கொடுத்தாள்? தான் தூங்குகிற நேரத்தில் இருவருமாக ஓடை வரைக்கும் போயிருக்கிறார்கள். கால் நனைக்க முழங்கால் வரையா இறங்குவார்கள்? இவரைப் பார்த்ததும் பேச்சு ஏன் நின்றது? காட்டுப்பக்கத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தான் வெட்டிய அத்தனை வளைவும் இப்போது அவருடைய அவசரத்துக்குக் குறுக்கே வந்தன. ஓடைக் கரையில் ஈர மணலில் இரண்டு ஜோடிக் கால்தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், தண்ணீருக்குள் போய் அதே வழியில் திரும்பியிருந்தன. கல் எதுவும் புரட்டப்படவில்லை. மண் எங்கும் தோண்டப்படவில்லை. பாறைக்கு மேலே ஒரு பிஸ்கட் உறை கிடந்தது. குனிந்து எடுத்து விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.